அவர் ஊர், என் ஊர்

என் கணவர் மலாயாவில் பிறந்தவர். அவருடைய அப்பா எங்கள் எருமப்பட்டிப் பக்கத்துக்காரர்தான். பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறியவர், பிறகு திரும்பவே இல்லை. ஆனால் மகனுக்கு ஊரில்தான் பெண் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். அப்படித்தான், ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த சில வருடங்களில், ரப்பர் தோட்டத்துக் கிராணி ஒருவர் வெள்ளைக் கால்சட்டையோடு எங்கள் சோளக்காட்டு வரப்பில் தடுமாறி நடந்து வந்து என்னைப் பெண் பார்த்தார். கிராணி என்றால் தோட்டத்தில் கணக்கெழுதும் உத்தியோகம். எனக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை.

மலாயாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பலகை வீடு, குழாய்த் தண்ணீர், வாசலிலேயே பழமரங்கள். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரங்கள் வரிசை கட்டி நின்று வானத்தை மறைத்தன. எங்கள் ஊரில் வாசலில் நின்றால் கொல்லிமலை முழுசாகத் தெரியும். அங்கே அடுத்த வீட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாது. தினமும் மூன்று மணிக்கு மழை கொட்டும். துவைத்த சேலை காயாது, உப்பு ஜாடியில் கசியும், செருப்பில் பூசணம் பூக்கும். எனக்கு வெயில் வேண்டியிருந்தது. கடலைச் செடி பிடுங்கும்போது மண்ணிலிருந்து ஒரு வாசனை எழும்பும், அதை நினைத்துக்கொண்டு சோற்றுத்தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

உடம்பு இளைத்ததும் கணவர் என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாடி பிடித்தார்.

"ஒடம்புல ஒண்ணுமில்ல கிராணி சார். ஊரு ஞாபகம். இதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர், "அப்படியா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

மகள் பிறந்து வளர்ந்தாள். நாலெழுத்து படித்தாள், மலாய்ப் பேச்சும் கற்றுக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்த ஊர் ஞாபகம் தீரவில்லை. ஒரு நாள் காலையில் தந்தி வந்தது. என் அய்யன் போய்விட்டார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். தந்தி கைக்கு வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அழக்கூட வரவில்லை. அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்ததும் லயத்துப் பெண்கள் வந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் நீளவரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். அதுவரை அவர்கள் கிராணி வீட்டு வாசல்படி ஏறியதில்லை. தலைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒருத்தி என் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். என் அய்யனை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒருத்தி தஞ்சாவூர்ப் பக்கம், ஒருத்தி வடஆற்காடு. யார் யாருக்கோ அழ முடியாமல் போன அழுகை எல்லாம் சேர்ந்து அன்று என் வீட்டில் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கும் குரல் உடைந்தது.

கணவர் வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, "நாம ஊருக்குப் போயிருவோம்" என்றார்.

"ஒங்களுக்கு இதுதானுங்களே ஊரு?"

"எனக்கு எங்கயும் ஒத்துக்கும்" என்றார். அதை நான் நம்பினேன். நம்புவதற்கு ஆசையாக இருந்தது.

நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி எருமப்பட்டி வந்து சேர்ந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த வெயில் என் முதுகில் அடித்தது. அம்மா ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் தடவி, "ஏஞ்சாமி, இப்படிக் கருத்துப் போயிட்டியே" என்றாள். உண்மையில் நான் வெளுத்துத்தான் போயிருந்தேன். அன்று மாலை கம்பஞ்சோற்றை மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, களத்தில் வெறும் தரையில் படுத்து வானத்தைப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க எனக்குக் குறை என்று ஒன்றுமே தோன்றவில்லை.

கணவரைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று. என் அண்ணனோடு சோளக்காட்டுக்குப் போவார். மாடு அவர் பேச்சைக் கேட்காது. சாப்பிட்டாச்சா என்பதை மலாயா வழக்கப்படி "பசியாறியாச்சா?" என்று யாரையாவது கேட்டால் சிரிப்பார்கள். அவருக்கு மலாயாக்காரர் என்று பேர் வைத்தாயிற்று. மத்தியானமானால் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

அண்ணன் ஒரு நாள் பார்த்துவிட்டு, "மழைங்களா மாப்ள? அதுக்கு ஐப்பசி வரோணுமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பிறகு பார்த்தால், தட்டில் சோறு மீந்தது. சட்டை தோளில் தொங்கியது. பேசிக்கொண்டே இருக்கும்போது கண் எங்கேயோ போய்விடும். இது எனக்குத் தெரியாத வியாதியா? ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் சொன்ன அதே வார்த்தை.

அடுத்த வருடம் அண்ணன் குச்சிக்கிழங்கு போட்டிருந்தார். மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்த காலம். லோடு ஏற்றும் அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். இவர் போகிறேன் என்றார். அதுவே ஆச்சரியம், ஏனென்றால் அந்தக் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் வருடக்கணக்காக அதையே தின்று வளர்ந்தவர். மகள் நானும் வருவேன் என்று குதித்தாள். நானும் கிளம்ப, மூவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து போனோம்.

ஆலைக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அரைத்து வடிகட்டிய பால், பெரிய பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் வெள்ளை வெளேரென்று நின்றது. புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இவர் தொட்டி ஓரத்தில் நின்றவர், நகரவில்லை. ரப்பர்ப் பாலும் அப்படித்தான் தொட்டியில் நிற்கும், அந்த வாடையும் கிட்டத்தட்ட இதுதான்.

"ஆசிட் எப்ப ஊத்துவீங்க?" என்று ஆலை முதலாளியைக் கேட்டார். ரப்பர்ப் பால் உறைவதற்கு அது வேண்டும்.

முதலாளி சிரித்தார். "அதெல்லாம் வேணாங்க. சும்மா விட்டா தானா அடியில தங்கிடும்."

அப்புறம் இருவரும் பேசத் தொடங்கினார்கள். மலாயாவில் எப்படி, இங்கே எப்படி என்று பேச்சு நீண்டது. கிழங்கு மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கி மணிமணியாக உருட்டுவதை இவர் குனிந்து பார்த்தார், தானும் ஒரு முனையைப் பிடித்துக் குலுக்கினார். உருண்டையெல்லாம் சிதறியது. வேலை செய்தவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். ஊர் வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

ஆலையை மேற்பார்க்க ஆள் தேடிக்கொண்டிருப்பதாக முதலாளி சொன்னார். திரும்பும்போது லாரி ராசிபுரம் தாண்டியது. இவர் மெதுவாக, "ஆத்தூர்ல இருந்துறலாமா? உனக்குக் கஷ்டம்னா வேணாம்" என்றார்.

கடல் தாண்டி வந்து சேர்ந்த ஊரை மறுபடி விடுவதா என்றுதான் முதலில் தோன்றியது. தோட்டத்தில் அன்று மழையில் நனைந்துகொண்டு நின்ற இவர் எப்படி ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார் என்பதையும் நினைத்தேன்.

"நான் வாரேனுங்க" என்றேன்.

ஆத்தூரில் நாங்கள் இருவருமே வெளியூர்க்காரர்கள். நான் வீட்டை 'ஊடு' என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள், பேச்சுக்காகச் சிரிப்பு வாங்குவதில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. ஆலையில் மாவு காயும்போது மேகம் திரண்டால் முதலில் கத்துகிறவர் அவர்தான். "படுதாவப் போடு, படுதாவப் போடு!" என்று அவர் ஓடுவதை மகள் வீட்டில் நடித்துக்காட்டுவாள். ஜவ்வரிசிப் பாயசத்தை மட்டும் அவர் கடைசிவரை தொடவில்லை. எனக்கும் எருமப்பட்டி பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இருந்தது. அந்தத் தூரம் போதும் என்று ஆகிவிட்டது.

அம்மா ஒரு தைக்குப் பிறகு எங்களோடு தங்க வந்தாள். ஒரு மாதமாவது இருக்கிறேன் என்று மூட்டை முடிச்சோடு வந்தவள், நாலைந்து நாளில் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றாள். மாடு நினைப்பாக இருக்கிறது என்றாள்.

"வந்து ஒரு வாரங்கூட ஆவல, அதுக்குள்ள என்னம்மா?" என்று நான் கடிந்துகொண்டேன்.

ஆலையிலிருந்து வந்தவர் அதைக் கேட்டார். செருப்பைக் கழற்றவில்லை. "அத்தை, துணியெல்லாம் எடுத்து வைங்க. ஊருக்கு நாலு மணி பஸ் இருக்கு" என்றார்.

"சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்றேன்.

"போற வழியில பசியாறிக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். அம்மா என்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல், சின்னப் பெண்ணைப் போல் அவர் பின்னாலேயே வேகமாகப் போனாள்.