பதினான்கு மாதம் கழித்து ஒரு வெளிச்சாப்பாடு

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது அவள் வேலை. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, ஒரு கண்ணாடி வில்லையை மாட்டி இன்னொன்றைக் கழற்றி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டுக் கேட்டே இருபது வருடம் ஓட்டியிருந்தாள். கடைக்கு வெளியிலும் அவள் வாய் ஓயாது. கல்லூரித் தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

நாற்பத்திரண்டாம் வயதில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று இரண்டு மாதம் தேனைத் தடவிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் மாதம், டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலை வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. அதில் எச்சில் வற்றிப்போனது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல் எதுவும் இறங்காது. மிளகாயின் வாடை பட்டாலே வாய்க்குள் தீப்பிடிக்கும்.

விழுங்குவதற்கே ஒரு அம்மாள் பயிற்சி கொடுத்தார். மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கு, விழுங்கு, இன்னொரு தடவை விழுங்கு, லேசாக இருமு. அதற்குப் பிறகுதான் மூச்சு. வீட்டில் சமையலறையில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். அவள் இருமத் தொடங்கினால் கணவர் கூடத்தில் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பார். காதில் விழவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

அப்படிப் பதினான்கு மாதம் போனபின், கல்லூரித் தோழிகளில் ஒருத்தியான வக்கீல் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃப்ரீயா இரு. புதுசா ஒரு தாய்லாந்து ரெஸ்டாரன்ட் தொறந்திருக்கான், ஊரே அங்கதான் போய் போட்டோ எடுக்குது. மூணு வாரம் காத்திருந்து மேஜை பிடிச்சிருக்கேன். செடிக்காரியும் வர்றா. நீ வர்ற, அவ்வளவுதான்."

செடிக்காரி நர்சரி வைத்திருப்பவள். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். வக்கீல் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் ரேடியோவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. வர முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணத்துக்கு நிறையச் சொற்கள் வேண்டும். "ம்" என்றாள்.

ரெஸ்டாரன்டில் நுழைந்ததுமே திரும்பிவிடலாம் போலிருந்தது. பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மூங்கில் கூடைகளைக் கவிழ்த்த மாதிரி விளக்குகள், சுவரில் பச்சை ஒளியில் யாருக்கும் புரியாத எழுத்து. நடுவில் திறந்த சமையலறை. அடுப்பில் சட்டியை ஆட்டும்போதெல்லாம் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது. மிளகாய்ப் புகை கண்ணைக் கரித்தது. பக்கத்து மேஜை ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை.

வக்கீல் எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். விட்டதும் பேச ஆரம்பித்தாள். கோர்ட்டு, ஜட்ஜு, மகனின் பரீட்சை, முட்டிவலி. முன்பெல்லாம் அவளைப் பேசவிடாமல் அடக்குவது ரேடியோவின் வேலை. இப்போது குறுக்கிட ஒரு இடைவெளி கிடைத்தாலும், வாயைத் திறப்பதற்குள் அது மூடிக்கொண்டது.

ஆர்டர் எடுக்க ஒரு பெண் வந்தாள். மெனுவில் வாழையிலையில் வைத்து வேகவைத்த மீன் ஒன்று இருந்தது. தேங்காய்ப்பால், முட்டை, மீன். கரண்டியால் எடுத்தால் உதிரும் என்று போட்டிருந்தது. அது தன்னால் முடியும் என்று ரேடியோவுக்குப் பட்டது. படத்தைக் காட்டியிருக்கலாம். காட்டாமல், வாயைத் திறந்தே கேட்டாள்.

"சாரி மேடம், திரும்பச் சொல்றீங்களா?"

திரும்பச் சொன்னாள். தேங்காய்ப்பால் என்ற சொல் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் வேறு எதுவோ ஆகிவிட்டது.

"மாங்கா சாலட்டா மேடம்?"

மூன்றாம் தடவைக்கு மூச்சை இழுத்தாள். அதற்குள் வக்கீல் முந்திக்கொண்டாள். "அவளுக்கு அந்த மீனு. காரம் சுத்தமா வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு வாயில ஆபரேஷன் ஆயிருக்கும்மா." தாழ்த்திய குரல் பக்கத்து மேஜை வரை போனது. அங்கே இரண்டு தலைகள் திரும்பி, சட்டென்று மறுபடி தட்டைப் பார்த்தன.

ரேடியோவுக்கு முகம் சூடேறியது. மேஜைக்கு அடியில் செடிக்காரி அவள் முழங்காலைத் தொட்டாள்.

முதலில் வந்தது அரிசித்தாள் சுருள். கண்ணாடி மாதிரித் தாளுக்குள் கீரையும் இறாலும் தெரிந்தன. "காரமே இல்ல, சாப்பிடு," என்று வக்கீல் ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல வீம்பு விடவில்லை. கடித்தாள்.

அந்தத் தாள் ஈரத்தில் பசையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நல்ல நாக்காயிருந்தால் ஒரே சுழற்றில் எடுத்துவிடும். அவளுடைய நாக்கில் பாதி கைத்தோல்; அது சொன்னபடி கேட்காது. தண்ணீர் குடித்தாள். தாள் வழுக்கி உள்ளே போய் நடுவழியில் நின்றது.

மூச்சு அடைத்தது.

வக்கீல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஐயோ, தண்ணி குடு! முதுகுல தட்டு!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். தட்டினால் இன்னும் உள்ளே போய்விடுமோ என்று ரேடியோ பயந்தாள். உள்ளங்கையை விரித்து வக்கீலின் நெஞ்சில் வைத்து அப்படியே நிறுத்தினாள். பிறகு குனிந்தாள். மோவாயை இறக்கினாள். இருமினாள். வரவில்லை. மறுபடி, அடிவயிற்றிலிருந்து. கண்ணில் நீர் கொட்டியது. காதுக்குள் ஓவென்று இரைந்தது. சமையல்காரர் சட்டியை ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. விரலை உள்ளே விட்டாள். நுனி தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள். விரல் நீளத்துக்கு வெள்ளையாக வந்தது. டிஷ்யூவில் சுருட்டி வைத்தாள்.

மூச்சு வந்தது.

"கிளம்பிடலாம்," என்றாள் வக்கீல். "தப்பு என்னோடது. உன்ன இங்க கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது."

"உக்காரு," என்றாள் ரேடியோ. குழறலோடுதான் வந்தது, ஆனாலும் புரிந்தது. வக்கீல் உட்கார்ந்தாள்.

"ஏன் வரல?"

எங்கே என்று வக்கீல் கேட்கவில்லை. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "வந்தேன்டி. ரெண்டாவது நாள். வார்டு கதவு வரைக்கும் வந்துட்டேன். மூக்குல குழாய், கழுத்துல ஓட்டை. நீ கண்ணைத் திறந்து பாத்த. நான்தான்னு உனக்குத் தெரிஞ்சுதான்னு தெரியல. காலு நகரல. அப்படியே திரும்பிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

ரேடியோவுக்கு அப்படி யாரும் வந்த நினைவு இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பதினான்கு மாதம் சின்னக் கணக்கா? மீன் வந்தது. வாழையிலையைப் பிரித்தாள். ஆவி அடங்கும் வரை காத்திருந்தாள். தேக்கரண்டியின் நுனியில் எடுத்து, தண்ணீரோடு, குனிந்து, இரண்டு தடவை விழுங்கி, இருமினாள். இறங்கியது. தேங்காய்ப்பாலின் இனிப்பு தெரிந்தது. மற்றது எதுவும் தெரியவில்லை. அடுத்த கரண்டி எடுத்தாள். எதிரே இருவரும் தங்கள் தட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் நாலைந்து தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"நீ பேசு," என்றாள் ரேடியோ. "சத்தம் இல்லாட்டி எனக்கு முழுங்க வரல."

செடிக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பாதி மீன்கூட முடியவில்லை, அந்தப் பெண் திரும்பி வந்து தயங்கி நின்றாள். "சாரி மேடம், ரெண்டு மணிக்கு வேற புக்கிங். வெளிய வெயிட் பண்றாங்க."

வக்கீல் நிமிர்ந்தாள். குரலில் கோர்ட்டு ஏறியது. "அதெப்படிம்மா? நாங்க..."

ரேடியோ அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பெண்ணின் பக்கம் முழுதாகத் திரும்பி, கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் சொன்னாள். "எனக்கு மெதுவாத்தான் சாப்பிட முடியும். இன்னும் இருபது நிமிஷம் வேணும்."

அந்தப் பெண் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபது நிமிஷமா மேடம்?"

"ஆமா."

"கேட்டுட்டு வர்றேன்." அவள் வாசலுக்குப் போய், காத்திருந்த ஒரு குடும்பத்திடம் ஏதோ பேசினாள். அந்த வீட்டு ஆண் கடிகாரத்தைப் பார்த்தார், சலித்துக்கொண்டார், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மீன் தொட்டியைக் காட்டப் போனார்.

ரேடியோ கரண்டியை எடுத்தாள். கதவு அவளுக்கு எதிரேதான் இருந்தது. வாசலில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குனிந்தாள், விழுங்கினாள், மறுபடி விழுங்கினாள், இருமினாள். வக்கீல் ஒரு அண்ணன் தம்பி சொத்துத் தகராறைப் பற்றி மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தாள். சரியான இடத்தில் ரேடியோ கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இரு. அந்த அண்ணன் பொய் சொல்றான்," என்றாள்.