கருவாட்டுத் தராசும் என் நேர்த்தியும்

சல்லி அம்மாளாச்சியை நம்பியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் ஓர்ஸ் ஹில்லில் இருந்து மகேஸ்வரி எழுதுகிறேன். திருகோணமலைப் பட்டினத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாமல் இருக்க வழியும் இல்லை. சந்தைத் தெருவில் நான் வந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்கி நின்றுதான் போகவேண்டும். அப்படி இருந்தவளுக்கு அம்மாள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு என் நிறை இரண்டு அந்தருக்கு மேலே போய்விட்டது. அந்தர் என்பது மூடைக் கணக்கு, ஓர் அந்தர் ஏறக்குறைய ஐம்பது கிலோ. என் கணவர் துறைமுகப் பண்டகசாலையில் கிளாக்கர். அவருடைய வாயில் எல்லாமே அந்தர்தான், பெண்சாதி உட்பட. படலையில் இருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. கால் வீங்கியது. இரவில் சாய்ந்து படுக்க ஏலாமல் கதிரையில் இருந்தபடியே தூங்கினேன். ஒரு கலியாண வீட்டில் கதிரையும் என்னைக் கைவிட்டது. மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம் பார்த்துத்தான் அது முறிந்தது. மேளகாரர் கெட்டிமேளம் கேட்கிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை எனக்குத் தெரியும்.

கொழும்பில் ஒரு பெரிய டாக்டர், இங்கிலாந்தில் படித்து வந்தவர், இரைப்பையைச் சிறிதாக்கித் தைக்கிற ஒப்பரேஷன் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இருதயத்தைச் சோதித்துவிட்டு, இப்படியே விட்டால் அது அதிக காலம் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒப்பரேஷனுக்குப் போவதற்கு முதல்நாள், கடலோரத்தில் இருக்கிற சல்லி முத்துமாரி கோயிலுக்குப் போய் அம்மாளுக்கு நேர்த்தி வைத்தேன். "தாயே, நான் உயிரோடை திரும்பி வந்தால் என்ரை நிறைக்கு நிறை சர்க்கரை தாறன்." சர்க்கரை என்று ஏன் சொன்னேன் என்றால், உலகத்தில் எனக்கு அதைவிடப் பிரியமான சாமான் வேறு இல்லை. சர்க்கரைப் புக்கை, அதுதான் சர்க்கரைப் பொங்கல், என்றால் பானையோடு இருத்தி வைத்தாலும் நான் மறுத்தது கிடையாது.

மயக்க மருந்து தந்தவர்கள் என்னை எழுப்பப் படாத பாடு பட்டார்களாம். ஒரு பகல் முழுக்க நான் கண் திறக்கவில்லை. இவர், என் கணவர், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதிருக்கிறார். அம்மாள் திருப்பி அனுப்பினாள். வீட்டுக்கு வரும்போது டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அம்மா, இது மெல்ல மெல்லத்தான் குறையும். அவசரப்படக் கூடாது. ஒரு வருஷம் பார்ப்பம். அப்பவும் குறையேல்லையெண்டால் திரும்பத் திறக்கவேண்டி வரும். ஆனால் உங்கடை இருதயம் இன்னொருக்கா மயக்க மருந்தைத் தாங்குமெண்டு என்னாலை சொல்ல ஏலாது."

அதுதான் எனக்கு இருந்த கெடு. குறையவேண்டும். குறையாவிட்டால் ஒப்பரேஷன் மேசை. மேசையில் படுத்தால் எழும்புவேனோ தெரியாது.

அரைக் கோப்பை கஞ்சிதான் சாப்பாடு. அதையும் ஒரு மடக்கு, பிறகு ஒரு ஓய்வு, பிறகு ஒரு மடக்கு. அவசரப்பட்டுக் குடித்தால் வயிறு உடனே திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, கை கழுவி, குட்டித் தூக்கம் போட்டு எழும்பி வந்தாலும் நான் அதே கோப்பையோடு குசினியில் இருப்பேன். மிச்சம் கிடைக்கும் என்று வந்த காகம்கூடப் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

இனி நேர்த்தி. உயிரோடு வந்தாயிற்று, கொடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் இவர் பண்டகசாலை மூளையைக் கொண்டுவந்தார்.

"இஞ்ச பாரும், நிறைக்கு நிறை எண்டுதானே சொன்னனீர்? எந்த நாளின்ரை நிறை எண்டு சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப பொறும். குறைஞ்ச பிறகு குடுப்பம். இரண்டு அந்தர் சர்க்கரைக்கு நான் எங்கை போறது? அம்மாளுக்கும் நீர் மெலியிறது விருப்பம்தானே."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பண்டகசாலையில் வேலை முடிந்த பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மூடை நிறுக்கிற மேடைத் தராசில் நான் ஏறுவேன். ஏறுவதற்கு முதல் செருப்பைக் கழற்றுவேன். காப்பைக் கழற்றுவேன். கொண்டை ஊசியைக் கழற்றுவேன். தாலிக்கொடியில் கை வைத்தபோது இவர் முறைத்தார், அதை விட்டுவிட்டேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு அசையாமல் நிற்பேன். இவர் இரும்புக் குண்டை நகர்த்துவார். அது போனகிழமை நின்ற இடத்திலேயே போய் நிற்கும்.

அங்கே மூடை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் கிண்ணியாவூர் காசிம் காக்கா; அவர்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். நல்ல மனுசன்.

"தங்கச்சி, நீங்க ஏன் மூச்ச விட்டுட்டு நிக்கிறீங்க? தராசுக்கு மூச்சுக் கணக்கில்ல. விழுந்திட்டா இந்த மூடையத் தூக்குறது நாங்கதானே" என்றார்.

ஊராரின் கதை வேறு. ஒப்பரேஷன் என்று கொழும்புக்குப் போய் நகை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஒருத்தி. குசினிக்குள் ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று இன்னொருத்தி. அரைக் கோப்பைக் கஞ்சியை யார் ஒளித்துக் குடிப்பார்கள்?

மாதங்கள் போயின. குண்டு ஒருநாள் மயிரிழை இறங்கும். அடுத்த கிழமை திரும்ப ஏறி இருக்கும். ஒரு சனிக்கிழமை, சத்தியமாகச் சொல்கிறேன், கூடிக் காட்டியது. கஞ்சியைத் தவிர வேறு ஒன்றும் தொடாத கிழமை அது. இவர் குண்டைத் திரும்ப ஒருதரம் நகர்த்திப் பார்த்தார். அவர் இரண்டாந்தரம் பார்த்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மேசை, அந்த விளக்கு, அந்த மருந்து வாசம் எல்லாம் திரும்பக் கண்ணுக்குள் வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை தனியாக பஸ் ஏறிச் சல்லிக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டை பிடிக்கத்தான் போனேன். "முத்துமாரி எண்டு பேர் வைச்சிருக்கிறாய். ஊருக்கு மழை தாறாய். குளத்தை நிரப்புறாய். என்ரை கொழுப்பைக் கரைக்க உனக்கு ஏலாதோ? நான் வடிவு கேட்டனானோ? உயிரைத்தானே கேட்டனான்!" ஐயர் தீபத் தட்டோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, விபூதியைத் தூரத்தில் இருந்தே நீட்டினார்.

கத்திக் களைத்து வெளியே வந்து மதிலோரம் இருந்தேன். முன்னாலே மணலில் கருவாடு காயப் போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற கணபதி அண்ணைக்குச் சல்லிதான் ஊர். அவருடைய கருவாடுதான் அது. விரித்துப் போட்டுவிட்டு, அந்த மனுசன் தோணிக்குக் கீழே துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். காய்ந்ததா, எவ்வளவு குறைந்தது என்று ஒருதரமும் எழும்பிப் பார்க்கவில்லை. வெயில் தன்பாட்டில் வேலை செய்துகொண்டு இருந்தது.

எனக்கு உதாரணம் காட்ட அம்மாளுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை, கருவாட்டைக் காட்டினாள். ஆனால் விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிழமைக்குக் கிழமை புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்தான். திரும்ப உள்ளே போனேன். ஐயர் என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னே வைத்தார். "தாயே," என்றேன், "குறைக்கிறது உன்ரை வேலை. இனி நான் எட்டிப் பார்க்கமாட்டன். நேர்த்தியைத் தள்ளிப் போடவும் மாட்டன். வாற பொங்கலுக்கு உன்ரை வாசலிலைதான் தராசிலை ஏறுவன். இரண்டு அந்தர் எண்டாலும் இரண்டு அந்தர். எனக்குப் பொறுமையை மட்டும் தா."

இவரிடம் சொன்னபோது தலையில் கை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, குடுப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தராசின் பக்கம் போகவில்லை. கண்ணாடியையும் நெற்றிப் பொட்டளவுக்குத்தான் பார்த்தேன். அம்மாளிடம் கொடுத்த வாக்கில் எனக்கு அவ்வளவு பிடிவாதம். சட்டை தொளதொள என்று ஆனது. இந்தக் காலத்துத் துணி தோய்க்கத் தோய்க்க இழுபடுகிறது என்று கடைக்காரரை ஏசினேன். கதிரை கிறீச்சிடுவது நின்றது. இவர் ஆணி அடித்திருப்பார் என்று நினைத்தேன். காப்பு கையை விட்டுக் கழன்று கிணற்றடியில் விழுந்தது. தேய்ந்த காப்பு என்றேன். படுக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்கினேன். தலையணை புதிசு, அதனால்தான் என்றேன். அம்மாள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு இருக்க, நான் ஒவ்வொன்றுக்கும் வேறு யாருக்கோ பெயர் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பொங்கல் வந்தது. இவர் பண்டகசாலையில் கடைசியாகக் குண்டு நின்ற கணக்கை மனதில் வைத்துச் சர்க்கரை வாங்கியிருந்தார். அதுக்கு மேலே சேதாரம் என்று ஒரு பங்கும் சேர்த்திருந்தார். "சாமான் குறைஞ்சால் அம்மாள் என்னைத்தான் கேட்பா" என்றார். இரண்டு அந்தர் சர்க்கரைக்கு எங்கே போவது என்று கேட்ட அதே மனுசன்தான்.

கோயிலில் இருந்தது குழந்தைகளை நிறுக்கிற சின்னத் தராசு. அதைக் கண்டு நானே சிரித்துவிட்டேன். கணபதி அண்ணைதான் யோசனை சொன்னார். கொழும்புக்குப் போகிற கருவாட்டுச் சிப்பங்களை நிறுக்கிற பெரிய தராசு அவர்களுடைய மீன்வாடிக் கொட்டிலில் இருந்தது. இரண்டு பக்கமும் சங்கிலியில் பலகைத் தட்டு. அதைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கட்டி, வாசல் கூரையைத் தாங்குகிற பெரிய வளைமரத்தில் தொங்கவிட்டார்கள். எவ்வளவு மஞ்சள் தெளித்தாலும் கருவாடு கருவாடுதான். அம்மாளுக்கு அது பழகின வாசம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேர்த்தி நிறுக்கும்போது ஆளை முதலில் இருத்தி, பிறகு மற்றத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமானை வைப்பார்கள். ஆனால் சல்லி ஆட்களின் கை மீன் வியாபாரத்தில் பழகின கை. அவர்கள் முதலில் சாமானை ஏற்றிவிட்டுப் பிறகுதான் படிக்கல்லை வைப்பார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே அவ்வளவு சர்க்கரையையும் ஒரு தட்டில் அடுக்கிவிட்டார்கள். ஐயர் கண்டபோது எல்லாம் ஏற்றியாயிற்று.

கணபதி அண்ணை என்னைப் பார்த்தார். "இனி என்ன, தங்கச்சிதான் படிக்கல்லு. ஏறுங்கோ!"

நாலு பேர் தராசுக் கோலைச் சமமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வெறும் தட்டில் காலை மடித்து இருந்தேன். சங்கிலியைப் பிடித்தேன். கண்ணை மூடினேன். நான் நிலத்தில் இடிபடப் போகிறேன், சர்க்கரை மேலே போகப் போகிறது, ஊர் சிரிக்கப் போகிறது. சிரிக்கட்டும். "தாயே, உன்பாடு" என்றேன்.

"விடுங்கோடா!" என்றார் கணபதி அண்ணை.

நான் மேலே போனேன்.

அம்மாளாச்சி அறிய நடந்தது இது. கிணற்று வாளி மாதிரி விர்ரென்று மேலே போய், வளையில் தலை முட்டாத குறையாக நின்று ஆடினேன். ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் மடப்பள்ளிப் புறாக்கள் எல்லாம் பறந்தன. கீழே சர்க்கரை மண்ணில் போய்க் குந்திவிட்டது. யாரோ ஒரு பெண் குரவை போட்டாள். பிறகு எல்லாப் பெண்களும் போட்டார்கள். ஐயரும் சிரித்தார். மேலே இருந்தபடியே என் வாழ்க்கையில் முதல்தரம் இவருடைய உச்சந்தலையைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"மகேசு," என்றார், "குறைஞ்சிட்டீர்."

பிறகு துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷம், தட்டைச் சமப்படுத்தச் சர்க்கரையில் கை வைத்தார். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்தானே.

"தொடாதையுங்கோ!" மேலே இருந்து கத்தினேன். "அது என்னிலை இருந்து அம்மாள் எடுத்தது. அவவின்ரை. விடுங்கோ!"

அவர் கையை எடுத்துக் கும்பிட்டார்.

பொங்கல் முடிந்து கொழும்புக்குப் போனோம். டாக்டர் நிறுத்துப் பார்த்தார், இருதயத்தைக் கேட்டார், நாடியைப் பிடித்தார். "இனி உங்களை நான் திறக்கத் தேவையில்லை" என்றார். ஒப்பரேஷனைச் செய்தது அவர்தான், அவருக்கு நான் நன்றி மறக்கமாட்டேன். ஆனால் அதுக்குப் பிறகு காத்திருக்கிற வேலையை எந்த டாக்டராலும் எனக்காகச் செய்திருக்க ஏலாது. அதை அம்மாள்தான் எனக்குப் பக்கத்தில் இருந்து செய்வித்தாள்.

இப்போது கடற்கரைக்கு நடந்தே போய் வருகிறேன். மெலிந்தது போக, மெலிய வேண்டியது இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். உங்களில் யாருக்காவது நோய் மெல்ல மாறுகிறதென்றால், பிள்ளைக்கு வேலை மெல்லக் கிடைக்கிறதென்றால், கேட்டது வரவில்லையே என்று அம்மாளோடு கோபமென்றால், தாராளமாகப் போய்ச் சண்டை பிடியுங்கள். அவளுக்குப் பழக்கம்தான். பிடித்து முடிந்ததும் அவளிடம் விட்டுவிட்டு வாருங்கள். திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்காதீர்கள்.

அன்று அந்தச் சர்க்கரை முழுவதையும் போட்டுப் புக்கை பொங்கினார்கள். சல்லி முழுக்கச் சாப்பிட்டது. கணபதி அண்ணை ஒரு வாழையிலையில் எனக்கும் கொண்டுவந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, மெல்ல மெல்ல மென்று விழுங்கினேன். அவர் இன்னும் அள்ளி வைக்கக் கரண்டியைத் தூக்கினார்.

நான் இலைமேல் கையை மறித்து, "போதும் அண்ணை" என்றேன்.

சர்க்கரைப் புக்கைக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தச் சொல்லை நான் சொன்னது அன்றுதான் முதல்தரம்.