சுக்குத் தும்மல்

மட்டாஞ்சேரியில் அப்பா வேலை பார்த்த சுக்கு குடோன் இப்போது காபிக் கடை. உள்ளே கால் வைத்ததுமே மூக்கில் அந்தக் காரம் ஏறியது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் இந்தச் சுவர்களுக்குப் புத்தி வராது.

எங்கள் நாய் குட்டனுக்குக் கண்ணாமூச்சி பழக்கியது அப்பாதான். வேட்டி முனையால் அவன் கண்ணைப் பொத்திக்கொள்வார். நான் சாக்குகளுக்குப் பின்னால் ஒளிவேன்.

"குட்டா, பாப்பா எங்கடா? தேடு!"

சுக்கு நெடியில் அவனுக்கு என் வாசனை பிடிபடாது. ஆனால் அந்தத் தூசியில் எனக்குத் தும்மல் வந்துவிடும். சத்தம் கேட்டதும் பாய்ந்து வந்து முகமெல்லாம் நக்குவான்.

எர்ணாகுளத்துக்குக் குடிபோனபோது, வாடகை வீட்டில் நாய் கூடாது என்றார்கள். குட்டனை குடோன் காவல்காரச் சேட்டனிடம் விட்டுப் போனோம். ஓணத்துக்கு வந்த அவரிடம் விசாரித்தேன்.

"சுகமாத்தான் இருக்கான் மோளே. ஆனா குடோன்ல யாரு தும்மினாலும் ஓடிப்போய் நோக்குவான். பின்னே வாலைத் தொங்கப் போட்டுட்டு வருவான்."

"ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம்" என்றார் அப்பா. நாங்கள் போகவேயில்லை.

காபி வருவதற்குள் தும்மல் வந்தது. வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.