மாமா திறந்த ஜப்பான் ரூம்

என் அக்காவின் கணவர் ஜப்பானுக்குப் போய்வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன்னால் அவர் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த சாதாரண மனிதர். கூடவே கொஞ்சம் பட்டு வியாபாரமும் உண்டு. அந்தப் பட்டுதான் அவரைக் கெடுத்தது. கச்சாப் பட்டு நூல் விற்கிற ஜப்பான் கம்பெனி ஒன்று இங்கிருந்து சில வியாபாரிகளை அழைத்துப்போய்த் தன் ஆலைகளைச் சுற்றிக்காட்டியது. மற்றவர்கள் நூலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாமா சாப்பாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அக்கா வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வந்தேன். அதனால் தினமும் காபியோடு ஜப்பானையும் குடிக்கவேண்டியிருந்தது.

"நீளமா ஒரு மரமேஜை. மூஞ்சி தெரியும், அப்படிப் பளபளன்னு இருக்குது. அந்தப் பக்கம் மாஸ்டர், இந்தப் பக்கம் நாம. நம்ம கண்ணு முன்னாடியே சோத்தைப் பிடிச்சு, ஒவ்வொண்ணா வெக்கறான். அதுக்குப் பேர்தான் சுஷி" என்பார் மாமா.

"மீனாச்சே அது?" என்று அக்கா கேட்டாள்.

"மீன் திங்கறவனுக்கு மீன். நமக்கு வெள்ளரிக்கா. கேட்டா செஞ்சு குடுக்கறான். மரியாதை தெரிஞ்சவன்."

அக்கா சென்னையைத் தாண்டி எங்கும் போனதில்லை. வெளிநாட்டிலிருந்து அவளுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு காகித விசிறி. அதையும் ஓட்டல் சுவரில் மாட்டவேண்டும் என்று இரண்டாம் நாளே வாங்கிக்கொண்டார்.

விசிறி மாட்டிய சுவர் ஓட்டலின் மாடிச் சுவர். அங்கேதான் 'ஜப்பான் ரூம்' உருவாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் மாமா, "தரையில உக்காந்து துன்றது பட்டிக்காட்டுப் பழக்கம்" என்று சொல்லி, கீழே இருந்த மணைப் பலகைகளை எல்லாம் விறகுக்குப் போட்டுவிட்டு மேஜை நாற்காலி வாங்கியிருந்தார். இப்போது தச்சரை வரவழைத்து, அதே உயரத்தில் புதுப் பலகைகள் செய்யச்சொன்னார். இவை பட்டிக்காட்டுப் பலகைகள் அல்ல, வார்னிஷ் அடித்தவை. மூங்கில் தட்டியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி அறைகள் பிரித்தார். கிறிஸ்துமஸுக்கு விற்கிற காகித விளக்குகள் தொங்கின. தறிக்கு மூங்கில் சீவித் தருகிற ஆள் சாப்பிடுவதற்கு ஒரு கட்டு குச்சி சீவிக்கொடுத்துவிட்டு, "எந்தத் தறிக்குபா இவ்ளோ குட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சமையல்தான் கொஞ்சம் இடித்தது. சோற்றைச் சுற்றுகிற கடல்பாசிக்குப் பதிலாக முட்டைக்கோஸ் இலையை வேகவைத்துப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. அதற்குள் எலுமிச்சம்பழம் பிழிந்த சோறு, நடுவில் ஒரு துண்டு வெள்ளரிக்காய். தொட்டுக்கொள்ளப் பச்சையாக ஏதோ காரம் அங்கே வைப்பார்களாம். அதற்குக் கடுகையும் கொத்தமல்லியையும் சேர்த்து அரைத்தார்கள். சூப் என்ற பெயரில் வந்தது பருப்புத்தண்ணீர். இதற்குத்தான் கும்பகோணத்துக்காரரான எங்கள் ஓட்டல் மாஸ்டர், முப்பது பேருக்குச் சாம்பாரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வைக்கக்கூடியவர், தலையில் வெள்ளைக் குல்லாயோடு ஒரு நீள மேஜைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார்.

வாடிக்கையாளர் நுழையும்போது எல்லாரும் சேர்ந்து ஜப்பான் மொழியில் வரவேற்கவேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. மாமாவுக்கே அந்தச் சொல் பாதிதான் நினைவிருந்தது.

"இரஷ மாசே. சொல்லுங்க."

"கெட்ட வார்த்தையா இருந்துடப்போவுது முதலாளி" என்றார் மாஸ்டர்.

"ஜப்பான்காரன் கெட்ட வார்த்தை பேசமாட்டான்யா."

முதல் வாரம் வந்தவர்கள் பெரும்பாலும் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பங்கள். கீழே இடமில்லாமல் மாடி ஏறியவர்கள். தென்னேரியிலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படியேறியதும் ஐந்து பேர் ஒரே குரலில் கத்தியதில் கல்யாணப்பெண் பயந்து இரண்டு படி கீழே இறங்கிவிட்டாள். அவள் அப்பா உட்கார்ந்து, இலை வரும் என்று காத்திருந்தார். சின்னத் தட்டில் நாலு உருண்டையும் இரண்டு குச்சியும் வந்தன. குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தார். காதருகே கொண்டுபோனார். மனைவி முறைத்ததும் கீழே வைத்தார்.

"இது நல்லாருக்குதுபா. சாப்பாடு எப்போ வரும்?" என்று கேட்டார்.

இதுதான் சாப்பாடு என்று மாமா விளக்கினார். ஜப்பானில் பெரிய பெரிய ஆட்கள் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

"அப்படியா, பாவம்" என்றார் அவர். "சரி, சாம்பார் ஊத்துங்க."

ஜப்பான் ரூமில் சாம்பார் தடை செய்யப்பட்டிருந்தது. அந்தத் தடை அன்று மத்தியானமே தளர்ந்தது. மறுநாள் முதல் சாம்பார் சின்னக் கிண்ணத்தில், 'சாஸ்' என்ற பெயரில் மேலே வந்தது. வார முடிவில் அப்பளமும் ஏறிவிட்டது. மாமா மட்டும் மனம் தளரவில்லை. "ஊருக்கு நாக்கு பழகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நாக்கு எங்கே பழகியது என்பது தெரியவர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

நூல் கம்பெனியின் அதிகாரி ஒருவர் காஞ்சிபுரத்துக்கு வந்தார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜப்பான் ரூமில் விருந்து. அவருக்கு ஓரளவு ஆங்கிலம் வரும், மாமாவுக்கு வராது. எனவே நான் மொழிபெயர்ப்பாளர். அக்கா அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாஸ்டரும் ஆட்களும் ஒரே மூச்சில் கத்தினார்கள். வந்தவர் திடுக்கிட்டு, பிறகு எல்லாரையும் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். என்ன மொழியில் வரவேற்கப்பட்டோம் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நல்ல மனிதர். கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டார். சாம்பாரை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமா.

"ரொம்ப நல்லாருக்குதாம். இது இந்தியாவுல எந்த ஊர் சாப்பாடுன்னு கேக்கறாரு."

மாஸ்டர் குல்லாயைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். மாமாவோ அசரவில்லை. "சுஷின்னு சொல்லு. அவங்க ஊர்ல நான் சாப்பிட்ட மாதிரியே செஞ்சதுன்னு சொல்லு."

சொன்னேன். அதிகாரியின் முகம் மலர்ந்தது. மாமாவை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஊரிலேயே சிறந்த சுஷிக் கடைக்கு விருந்தாளிகளை அழைத்துப்போனவரே அவர்தானாம். கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். நான் சாம்பார் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

மாமாவைப் பார்த்தேன். "சொல்லு டீச்சர், சும்மா சொல்லு" என்று அவரும் பெருமையாகத் தலையாட்டினார். சொல்லச்சொன்னது அவர்தான்.

"மாமா அங்க போய் உக்காந்ததும், தட்டு ஓரத்துல பச்சையா இருந்ததைப் புதினா சட்னின்னு நெனச்சு, மொத்தமா எடுத்து வாயில போட்டுக்கினாராம். கண்ணு மூக்கெல்லாம் தண்ணி. பேச்சே வரலயாம். இவருதான் முதுகைத் தடவிக் குடுத்தாராம். அப்புறம் மீனைப் பார்த்துட்டு எழுந்து வெளிய போயிட்டாராம். ஊருக்குக் கிளம்பற வரைக்கும் ரூம்ல வாழைப்பழமும் ரொட்டியும்தானாம். விருந்தாளியைப் பட்டினி போட்டுட்டோமேன்னு அவங்களுக்கு ரொம்ப வருத்தமாம். இன்னிக்கு மாமா சந்தோஷமா சாப்பிடறதைப் பார்க்கத்தான் வந்தாராம்."

ஜப்பான்காரர் அன்பாகச் சிரித்தபடி, மாமாவின் தட்டுக்குத் தன் உருண்டை ஒன்றை எடுத்து வைத்தார். மாமா அதைச் சாப்பிட்டார். எங்களுக்குத் தெரிந்து மாமா சுஷி சாப்பிட்டது அது ஒன்றுதான். அதிலும் இருந்தது முட்டைக்கோஸ்.

விருந்தாளி போனபிறகு அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் கீழேயிருந்து ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அத்தினி நாளும் பசியோடவா இருந்தீங்க?"

மாமா ஒரு வாய் காபி குடித்தார். "ரொட்டி இனிக்குதுமா. அங்க ரொட்டிகூட இனிப்பா இருக்குது. எல்லாரும் சாப்பிடறதைப் பாத்துக்கினே இருப்பேன். எவ்வளவு அழகா வெக்கறான் தெரியுமா? பொய்யில்ல, அது நெஜம்தான். வாயில வெக்கத்தான் முடியல."

பிறகு அவர் சொல்லிக்கொண்டே போனார். மொழி புரியாத தெரு, ரூமில் தனியாக உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்தது, அக்காவின் வற்றல் குழம்பு நினைவுக்கு வந்து கண் கலங்கியது. இவ்வளவு நாளாக நாங்கள் கேட்ட ஜப்பானைவிட இந்த ஜப்பான் எவ்வளவோ மேல். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மாமா திருந்திவிட்டார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். 'ஜப்பான் ரூம்' என்ற பெயர்ப்பலகை அங்கேயே இருந்தது. "ஜப்பான்காரரே ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு" என்று வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினார். கேட்டது சாம்பாரை என்பதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கீழே அடுப்படிக்கே திரும்பினார். முட்டிவலிக்காரர்கள் தரையிலிருந்து எழ முடியாமல் திண்டாடியதால், ஆடி மாதம் மாடிக்கும் மேஜை நாற்காலி ஏறியது. அடுத்த வருஷம் மாடியை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வாடகைக்கு விட்டார். காகிதத் தட்டிகளை அவர்கள் எடுக்கவில்லை. டைப் அடிக்கிற பெண்களுக்கு அது மறைப்பாக இருந்தது.