சுவருக்கு வெளியே இருந்து ஒரு வாக்கு

கொரோத்திமி மில்லோகோவின் வாக்குத் தாளை எங்கள் திரைச் சங்கம் 2009 மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே கால் மணிக்கு நிராகரித்தது. நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து மணி வரை அவகாசம் இருந்தது. முக்கால் மணி நேரம் மிச்சமிருக்கும்போதே, அவளை உட்காரக்கூடச் சொல்லாமல், தாளை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எந்த விதியைக் காட்டி அதைச் செய்தார்களோ அந்த விதியை எழுதியவன் நான். ஆகவே என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரான போபோ-தியுலாசோவில் இந்தத் திறந்தவெளி சினிமாக் கொட்டகையை அறியாதவர்கள் இல்லை. பின்பக்கம் மட்டும் தகரக் கூரை, மற்றதெல்லாம் வானம். வெளிச்சுவரில், தெருவைப் பார்த்து ஓர் இரும்பு ஒலிபெருக்கி. போகிற வருகிறவர்களை இழுப்பதற்காக முதலாளி மாட்டியது. அதற்கு நேர் கீழே, வைக்கோல் வேய்ந்த பந்தலில், 1979 நவம்பர் முதல் 2003 மே மாதம் கொட்டகை மூடப்படும்வரை காராமணி வடை சுட்டவள் கொரோத்திமி. புருஷன் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவன். நாலு பிள்ளைகள். படம் ஓடும்போது மாவு அரைத்து எண்ணெய் காய வைத்தால்தான் இடைவேளைக் கூட்டத்துக்கு வடை தயாராகும். அதனால் அவள் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஒரு படத்தையும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

நான் வானிலை நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் மழை அளந்தவன். அதே பழக்கத்தில், பார்த்த படங்களையும் தேதி, நேரம், அறுந்த சுருள் முதற்கொண்டு குறித்து வைத்திருக்கிறேன். என் குறிப்பேடுகளில் இருப்பவை 3,162 படங்கள். நான் போகாத நாட்களிலும் அவள் அங்கே இருந்தாள். தாமதமாக வந்தவர்கள் வாசலில் நின்று, "அக்கா, இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். வடையைத் தாளில் சுற்றி, மிளகாய்த்தூளைத் தூவுவதற்குள் அவள் கதையைச் சொல்லி முடித்துவிடுவாள். நானே பதினொரு முறை அப்படிக் கேட்டு உள்ளே போயிருக்கிறேன். சங்கத் தலைவர் சொம்தா வாத்தியாரும் கேட்டிருக்கிறார். அதற்கும் என்னிடம் தேதி இருக்கிறது.

அவள் போபோ இனத்தவள், நான் மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்தவன். இந்த இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் எதைச் சொல்லி ஏசினாலும் கோபப்படக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முப்பது வருஷமாக அவள் என்னை "மாட்டுக்காரா" என்றுதான் அழைப்பாள். "என்ன மாட்டுக்காரா, பசு இன்னிக்கு உன்னை அவுத்து விட்டுடுச்சா?" என்பாள். "நாய்க்கறி தின்னி, வடையில எதைப் போட்டே?" என்பேன் நான். ஏசாத நாளில் ஏதோ குறைந்தது போலிருக்கும்.

2009இல் நகராட்சி கொட்டகையைப் பழுதுபார்த்து மீண்டும் திறக்க முடிவு செய்தது. பழைய ரசிகர்களின் வாக்கை எடுத்துச் சிறந்த பத்துப் படங்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு வந்தது. பட்டியல் வெளிச்சுவரில் எழுதப்படும். முதலிடம் பிடித்த படம் திறப்பு விழாவில் திரையிடப்படும். முதலிடத்துக்குப் பத்து மதிப்பெண், பத்தாமிடத்துக்கு ஒன்று. ஏமாற்று நடக்கக் கூடாதென்று நான் எழுதிய நாலாவது விதி இது: படத்தை முடிவுவரை பார்த்தவர் மட்டுமே அதற்கு வாக்களிக்கலாம்.

அந்த ஞாயிறன்று கொரோத்திமி தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குத் தாளோடு வந்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பெரிய பெரிய எழுத்தில் அவளே எழுதியிருந்தாள். முதலிடம், 'தனியே திரும்பிய குதிரை'. வாத்தியார் தாளை விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது சினிமாவுக்கு ஓட்டு. ரேடியோ நாடகத்துக்கு இல்ல."

"பேப்பர்ல எண்ணெய் வேற," என்றார் தையற்காரர் யாயா. "உள்ள ரெண்டு வடை வெச்சிருந்தா யோசிக்கலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"வாத்தியாரே, அந்தக் குதிரையை ஒரு தடவை கண்ணால பாக்கணும். அது முதல்ல வந்தாத்தானே போடுவாங்க? அதுக்குத்தான் எழுதிக் கொண்டாந்தேன்."

"பாக்காத படத்துக்கு முதலிடமா?"

"பாக்காததாலதான். அது வர்ற சத்தம் எனக்குத் தெரியும். ஒரு கால் லேசா நொண்டும்."

"நொண்டவே நொண்டாது. நான் நாலு தடவை பாத்திருக்கேன். விதி நாலு, சிதிபே எழுதினது. கேளுங்க அவரையே."

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் குனிந்திருந்தேன். தாளை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, "சரி ஐயா, நான் வரேன்," என்றாள்.

ஐயா! முப்பது வருஷத்தில் முதல் முறை. அவள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மற்ற தாள்களை அன்றே எண்ணினோம். இருபத்தாறு பட்டியல்கள். 'உப்பு வியாபாரியின் சாட்சி' 171 மதிப்பெண்; 'தனியே திரும்பிய குதிரை' 169. முதலில் வந்தது வாத்தியாரின் படம். கொலைப் பழி சுமந்த உப்பு வியாபாரியைக் கடைசியில் சாட்சிக்காரன் கட்டிப்பிடிக்க, வியாபாரி அழும் காட்சியைப் பற்றி இருபத்து நாலு வருஷமாக அவர் பேசி வருகிறார். மன்னிப்பின் மகா காவியம் என்பார். மாணவர்களைக் கட்டுரையும் எழுத வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து 1985ஆம் வருஷத்துக் குறிப்பேட்டை எடுத்தேன். அந்தப் படம் எங்கள் ஊரில் ஒரே ஒரு முறைதான் ஓடியது. ஆகஸ்ட் 14, புதன். இரவு 9.48க்கு மழை பிடித்து 10.55க்கு விட்டது. 46.2 மில்லிமீட்டர். மறுநாள் முற்றத்தில் தண்ணீர் தேங்கியதால் காட்சி இல்லை. அதற்கடுத்த நாள் படப்பெட்டி ரயிலேறிவிட்டது; திரும்ப வரவேயில்லை. ஆகஸ்ட் 14க்கு எதிரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "கடைசிச் சுருள் முழுவதும் தகரத்தில் மழை இரைச்சல். ஒரு சொல்லும் காதில் விழவில்லை."

வைக்கோல் கூரையில் மழை இரைவதில்லை. ஒலிபெருக்கி அவள் தலைக்கு மேலேயே இருந்தது.

மார்ச் 8ஆம் தேதி அவசரக் கூட்டம் கூட்டினேன். கொரோத்திமி வர மறுத்தாள். நான் மூன்று முறை போய்க் கூப்பிட்டேன். கடைசியில் வந்து வாசலருகே நின்றாள். சங்கத்தின் பதினோரு பேரும் இருந்தார்கள். குறிப்பை வாசித்தேன்.

"அந்தப் படத்துக்கு ஓட்டுப் போட்ட பத்தொன்பது பேரும் அன்னிக்குத் தகரத்துக்குக் கீழ உக்காந்திருந்தவங்கதான். நானும்தான். நாம முடிவைப் பாத்தோம், கேக்கல. இவ கேட்டா, பாக்கல. நம்மது செல்லும்னா இவளோடதும் செல்லும். இவளோடது செல்லாதுன்னா அந்தப் பத்தொன்பதையும் இப்பவே கிழிச்சிடறேன்."

"மழை டப்பாவை வெச்சுக் கலையை அளக்க வந்துட்டீங்களா பெரியவரே?" என்றார் வாத்தியார்.

"டப்பா பொய் சொல்லாது வாத்தியாரே."

யாயா தலையைச் சொறிந்தார். "அது சரி, கட்டிப்பிடிக்கும்போது காதுல ஏதோ சொல்லுவானே. என்ன சொன்னான்? நீங்கதானே எப்பவும் அதைப் பத்திப் பேசுவீங்க?"

"பேச்சு எதுக்கய்யா? அந்த அணைப்பே பேசுதே!"

வாசலில் கொரோத்திமி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல வாத்தியாரே. அவன் சொன்னதை நெனச்சேன்."

"என்ன சொன்னான்?" இதைக் கேட்டது ஒருவரல்ல, ஏழெட்டுப் பேர்.

அவள் முந்தியை அவிழ்த்துத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "முதல்ல இதை எண்ணுங்க. அப்புறம் சொல்றேன்."

கை தூக்கச் சொன்னேன். ஏற்கலாம் என்று ஆறு பேர், கூடாதென்று ஐந்து பேர். ஆறாவது கை யாயாவுடையது. நியாயத்துக்காக அல்ல, முடிவு தெரிய வேண்டும் என்ற ஆவலுக்காக. ஒரு பெண்ணின் உரிமை ஒரு தையற்காரரின் ஆவலில் தொங்கியது.

எண்ணினேன். குதிரைக்குப் பத்து. உப்பு வியாபாரியை ஒன்பதாவது இடத்தில் வைத்திருந்தாள், அதற்கு இரண்டு. குதிரை 179, வியாபாரி 173.

"இப்பச் சொல்லுக்கா," என்றார் யாயா.

"சாட்சிக்காரன் காதுல சொல்றான், 'நீதான் கொன்னேன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பேசின மூணு ஒட்டகச் சுமை உப்பு நாளைக்கு வந்து சேரணும்'னு. அதுக்குத்தான் வியாபாரி அழுவுறான். பாவம், மூணு சுமையாச்சே!"

 ஒரே சமயத்தில் எல்லோரும் பேசினார்கள். நாலு பேர் தங்கள் வாக்கை மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னும் இரண்டு பேர், இப்போதுதான் அந்தப் படம் பிரமாதம், மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும் என்றார்கள். போட்ட வாக்கு போட்டதுதான் என்று குறிப்பேட்டை மூடினேன். வாத்தியார், "அவளுக்குத் தப்பாக் கேட்டிருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். காதால் கேட்டவளுக்குத் தப்பாகக் கேட்டதாம். எதையுமே கேட்காத இவருக்குச் சரியாகக் கேட்டதாம்! இன்றுவரை அவர் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

தலைநகரின் படக் கிடங்கிலிருந்து 'தனியே திரும்பிய குதிரை' வந்தது. ஏப்ரல் 18, சனிக்கிழமை, திறப்பு விழா. கொரோத்திமி புதுத் துணி உடுத்திக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் அரை மணி நேரம் அடிக்கடி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால்தான் கதை புரிகிறது என்றாள். பிறகு தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேட்டின்மேல் குதிரை தோன்றியது.

"வெள்ளையா?" என்று கத்திவிட்டாள். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. "கறுப்புன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன்! அடப்பாவி மாட்டுக்காரா, தினம் வந்து வடை தின்னியே, வெள்ளைன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் பசுவுக்குப் பால் வத்திடுமா?"

 இருபத்து நாலு வருஷம் அவளிடம் கதை கேட்டு உள்ளே போனவன் நான். வெளியே வந்து, என்ன பார்த்தேன் என்று ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

"பாரு, நொண்டுதா இல்லையா?" என்றாள்.

பார்த்தேன். இடது முன்னங்கால் லேசாக நொண்டியது. அந்தப் படத்தை அதற்கு முன் ஐந்து முறை பார்த்திருக்கிறேன். ஐந்து தேதிகளுக்கும் குறிப்பு இருக்கிறது. ஒன்றில்கூட அந்த நொண்டல் இல்லை.