வானை வைத்துக்கொண்டோம்

எங்கள் சாப்பாட்டுக் கடையை மூடியபின், கடன்களைக் கட்ட முடியாமல் நானும் கணவரும் வங்குரோத்துக்கு விண்ணப்பிக்க டவுன்டவுனில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி ஒரு பெண். கிரெடிட் கார்டுகள், சாமான் வாங்கிய கடன் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தவர், எங்கள் வான் வண்டியின் கடனுக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டார்.

வான் என் பெயரில் இருந்தது. அந்தக் கடனுக்கு வானே ஈடு என்று மெதுவான பிரெஞ்சில் விளக்கினார். இப்போதே திருப்பிக் கொடுத்தால், அதை விற்றும் தீராத மிச்சக் கடனும் வங்குரோத்தோடு போய்விடும். வைத்திருப்பதென்றால் கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பிய தாளில் நான் புதிதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு மனம் மாறினாலும் முழுக் கடனும் என் மேல்தான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

கணவர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர்?"

எனக்கு நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து முதல் மெட்ரோவைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

"வான் இல்லாட்டி வேலை இல்லை. வேலை இல்லாட்டி வாடகைக்கு எங்க போறது?"

"அப்ப வைச்சிருப்பம்."

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். நான் கையெழுத்து வைத்தேன்.

நவம்பரில் கியர்பொக்ஸ் போனது. கராஜ்காரத் தம்பி கையைத் துடைத்தபடி, "அக்கா, திருத்திற காசு வானின்ரை பெறுமதியிலும் கூட வரும்" என்றார். கடன் நிறுவனத்துக்கு எடுத்துச் சொன்னேன். வான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார்கள். காப்புறுதியையும் நிறுத்தக்கூடாதாம்.

வான் எங்கள் தெருவிலேயே நின்றது. மாநகரசபை பனி அள்ள வருவதாக அறிவிப்புப் பலகை வைத்தால் அதை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய், அதற்கும் தண்டம் எழுதுவார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கணவரும் கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரரும் பின்னால் நின்று தள்ளுவார்கள். ஒருநாள் அந்த மனிதர், இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

காலை வேலையை விட்டு, குறைந்த மணித்தியாலங்களுக்குப் பின்னேர வேலை வாங்கினேன். மெட்ரோ, பிறகு இரண்டு பஸ். தவணை கட்ட முடியாமல் போக, வசந்தத்தில் கடன் நிறுவனமே ஆளனுப்பி வானை ஏற்றிக்கொண்டு போய் விற்றது. மிச்சக் கடனை மாதா மாதம் நான் கட்டுகிறேன். வானை யாரோ உதிரிப்பாகங்களுக்காக வாங்கியதாகக் கேள்வி.

போன கிழமை கணவர், "அண்டைக்கு நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கோணும்" என்றார்.

"நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் வைச்சிருப்பன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.