பச்சை நாடா

எதைக் கேட்டாலும் பட்டன் அக்கா, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பாள். புதுச் செருப்பு வாங்குவதென்றாலும் அதுதான், மகளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ப்பதென்றாலும் அதுதான். சட்டைக் கம்பெனியில் பல வருடங்களாக அவள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து இதைக் கேட்டு வருகிறேன். மற்ற பெண்கள் சும்மா விடுவார்களா?

"தும்மல் வந்தாகூட அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் தும்முவியாக்கா?"

"ஆமாடி, அவரு சரின்னாத்தான் மூக்கைத் திறப்பேன்" என்று அவளும் சிரிப்பாள்.

அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான் எங்கள் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். கணவன் விட்டுவிட்டுப் போனபோது கைக்குழந்தையோடு நின்றவளைக் கூட்டிவந்து, பட்டன் தைக்கும் மெஷினில் உட்காரவைத்தவர் அவர். அவருடைய மனைவிக்கும் இதே கம்பெனிதான், ஆனால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பேக்கிங் கட்டடத்தில்.

எங்கள் எல்லோர் கழுத்திலும் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கும். நீல நாடா என்றால் கம்பெனியின் சொந்த ஆள். சம்பளத்தில் ஆஸ்பத்திரிக்கு, வயதான காலத்துக்கு, பஸ்ஸுக்கு என்று பிடித்துக்கொள்வார்கள். அதைத் திட்டாத ஆள் கிடையாது. பார்க்காத ஆஸ்பத்திரிக்கு எதற்கு அழ வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கைக்கு வருவதுதான் சம்பளம், மற்றதெல்லாம் களவு போனது என்றுதான் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வந்தார். பச்சை நாடா என்று ஒன்று வருகிறது, காண்டிராக்ட், பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுச் சம்பளமும் கைக்கு வரும் என்றார். அவர் தங்கையைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்ற?"

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

அவள் மாடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். கூடப்பிறந்தவளையே மாற்றுகிறார் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் வரிசையாக ஏறினார்கள். நான் போகவில்லை. எனக்கு ஒன்றும் விவரம் தெரிந்து அல்ல. மாடி ஆபீஸில் ஆண்கள் நடுவில் நின்று பேசக் கூச்சம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் ஆள் நிரம்பிவிட்டது.

முதல் சம்பளத்தில் அக்கா மகளுக்குச் சைக்கிள் வாங்கினாள். அப்புறம் கம்பெனி பஸ்ஸில் பச்சை நாடாவை ஏற்றவில்லை. காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. "போகட்டும், கைக்குக் கூட வருதுல்ல" என்று அவள் பெரிதுபடுத்தவில்லை.

பிறகு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. பட்டன் பிடிக்கும் இரண்டு விரல்களில் ஊசி குத்தினாலும் தெரியவில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்த விரல்கள் வேலை செய்யாது என்றார் டாக்டர். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகை அவளுடைய ஒரு வருடச் சம்பளம். தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னலில் இருந்தவர் அவள் நாடாவைப் பார்த்ததுமே, "காண்டிராக்டா? உங்களுக்கு இங்க கிடையாதும்மா" என்றார்.

திரும்பினால் மருந்து வரிசையில் அண்ணி நிற்கிறாள். கழுத்தில் நீல நாடா.

"அண்ணி, நீங்க மாறலையா?" என்றாள் அக்கா.

"நானும் மாறுறேன்னுதான் நின்னேன். மாறுனா காலை ஒடிச்சுடுவேன்னுட்டாரு உங்க அண்ணன். சுகர் மாத்திரை, நாளைக்கு ஒரு ஆபரேஷன்னா யார் குடுப்பான்னு ஒரே சத்தம்." அண்ணி கள்ளம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். "ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

அக்கா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் லைனில் எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கேட்டாள். "உங்க பொண்டாட்டிக்குத் தெரிஞ்சது எனக்கு ஏண்ணே தெரியக் கூடாது?"

"கத்தாதம்மா. இருபது பேரைப் பச்சைக்கு மாத்தித் தரணும்னு மேலிடத்துல கேட்டாங்க. ஆள் குடுக்கலைன்னா என் வேலை போயிருக்கும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"நீ வந்தாத்தானே மத்தவங்க வருவாங்க."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குப் பின்னால் மாடி ஏறியவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. திரும்ப நீல நாடா கேட்டு அவள் தனியாகவே மாடி ஏறினாள். ஒருமுறை விட்டால் விட்டதுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவளுடைய இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. பட்டன் மெஷினில் வேறொரு பெண் இருக்கிறாள். அக்கா நூல் வெட்டும் மேசையில் இடது கையால் வேலை செய்கிறாள், சம்பளம் முன்பைவிடக் குறைவு. அண்ணன்தான் இன்னும் சூப்பர்வைசர். அவர்களுக்குள் பேச்சு இல்லை.